பிள்ளை வராத வகுப்புக்குப் புள்ளி போடுவது எப்படி? வன்னிக்குப் புதிதாக வந்த ஆசிரியர்களுக்கு

முதல் நியமனம் வன்னியில் கிடைத்திருக்கிறது. கடமையேற்று, கிளிநொச்சியிலோ வவுனியாவிலோ ஓர் அறையும் பிடித்துவிட்டீர்கள். பாடக்குறிப்பு எழுதுவது, வரவு இடாப்பு அடையாளமிடுவது, காலைப் பிரார்த்தனைக்கு வரிசை பிடிப்பது எல்லாம் ஒரு தவணைக்குள் கைக்கு வந்துவிடும். அப்புறம் ஒருநாள் பாடசாலை மூடப்படும். 2020 மார்ச் 13இல் கொவிட் தொற்றால் மூடினார்கள். 2022இல் எரிபொருள் இல்லாமல் ஆசிரியர்களே வந்துசேர முடியாமல் போனது. மாரிமழைக்கு வெள்ளம் வந்தாலும் மூடத்தான் வேண்டும். படிப்பிப்பு வாட்ஸ்அப்புக்கும் அச்சிட்ட தாளுக்கும் மாறும். அதுகூடச் சமாளிக்கலாம். தவணை முடிவில் புள்ளி கேட்பார்கள் பாருங்கள், அங்கேதான் புதியவர்கள் தடுமாறுகிறார்கள். நானும் அங்கேதான் தடுமாறினேன்.

நான் கணித ஆசிரியர். யாழ்ப்பாணத்திலிருந்து துணுக்காய்ப் பக்கம் வந்தவள். கீழே எழுதுவது சுற்றறிக்கை இல்லை. மூடியிருந்த மாதங்களில் தரம் 6 முதல் 11 வரையான பிள்ளைகளுக்குப் புள்ளி போட்டும், தவறாகப் போட்டும் பழகிய முறை. சுற்றறிக்கை வந்தால் அதைத்தான் பின்பற்றவேண்டும். வராத இடைவெளிக்கு இது உதவும்.

முதலில் அதிபரிடம் நான்கு கேள்வி

பாடசாலை மூடிய முதல் கிழமையிலேயே அதிபரையோ பகுதித் தலைவரையோ பிடித்து நான்கு விடயத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். இந்தத் தவணைக்குப் பரீட்சை உண்டா? உண்டென்றால் வினாத்தாள் கல்வி வலயத்திலிருந்து வருமா, பாடசாலை தயாரிக்குமா? எந்த அலகு வரைக்கும்? வீட்டிலிருந்து செய்த வேலைக்குத் தவணை அறிக்கையில் இடம் உண்டா?

பதிலைக் கொப்பியில் திகதியோடு எழுதிவையுங்கள். கிளிநொச்சி வடக்கு, கிளிநொச்சி தெற்கு, முல்லைத்தீவு, துணுக்காய், வவுனியா வடக்கு, மடு என்று வலயத்துக்கு வலயம் முடிவு வேறுபடலாம். ஒரே வலயத்துக்குள்ளேயே பாடசாலைக்குப் பாடசாலையும் மாறும். பக்கத்துப் பாடசாலையில் நண்பி செய்வதைப் பார்த்து நீங்கள் செய்தால் பிறகு வகுப்பாசிரியரோடு முரண்படவேண்டி வரும்.

பாடசாலை மட்டக் கணிப்பீட்டுக்குப் பொறுப்பான ஆசிரியர் யார் என்றும் விசாரியுங்கள். பலர் அதைப் படிவம் நிரப்பும் வேலையாகத்தான் பார்க்கிறார்கள். மூடிய காலத்தில் அதுதான் கைகொடுக்கும். ஒப்படை, செயற்றிட்டம், அவதானிப்பு, வாய்மொழி என்று பல வழியில் பிள்ளையை அளக்க அது ஏற்கெனவே இடம் தந்திருக்கிறது. மண்டபத்தில் இரண்டு மணித்தியாலம் இருத்தி எழுதுவித்தால்தான் புள்ளி என்ற எண்ணத்தை அங்கேயே விட்டுவிடலாம்.

வேலை எந்தப் பாதையால் வருகிறது?

வினாத்தாள் தயாரிக்க முதல் ஒரு பட்டியல் தயாரியுங்கள். வகுப்பில் 31 பேர் என்றால் 31 பெயர். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே, அந்தப் பிள்ளைக்கு வேலை எப்படிப் போகும், செய்த வேலை எப்படித் திரும்பி வரும் என்று எழுதுங்கள். இதைச் செய்யாமல் புள்ளி போட்டால் நீங்கள் அளப்பது பிள்ளையையா, போனையா என்று உங்களுக்கே தெரியாது.

என் பட்டியலில் நான்கு வகை வந்தது. வீட்டில் போன் எப்போதும் நிற்கும் பிள்ளைகள் ஒரு வகை. அவர்களால் சூம் வகுப்புக்கே வரமுடியும். அடுத்தது, போன் அப்பாவோடு போய் இரவில் மட்டும் வீட்டுக்கு வருகிற பிள்ளைகள். அப்பா நாயாற்றிலோ நாச்சிக்குடாவிலோ கடலுக்குப் போகிறவர் என்றால் அந்தப் போன் வரும் நேரத்தைச் சொல்லவே முடியாது. மூன்றாவது வகை, போன் இருந்தும் சிக்னல் இல்லாதவர்கள். குளக்கட்டில் ஏறினால், தண்ணீர்த் தாங்கிக்குப் பக்கத்தில் நின்றால் இரண்டு கோடு விழும். நான்காவது வகைக்கு அச்சிட்ட தாளைத் தவிர வேறு வழி இல்லை. வன்னியில் இரண்டாவது வகைதான் பெரிது என்பது என் அனுபவம். புதிதாக வருகிறவர்கள் எல்லோரையும் முதலாவது வகை என்று நினைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறார்கள்.

ஒரு வீட்டில் ஒரு போன், மூன்று பிள்ளைகள் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள். தரம் 11இல் அக்கா இருந்தால் தரம் 7இல் இருக்கும் தம்பிக்குப் போன் கடைசியாகத்தான் கிடைக்கும். அதனால் பகுதித் தலைவரோடு பேசி, திங்கள் கணிதம், செவ்வாய் விஞ்ஞானம் என்று பாடத்துக்கு ஒரு நாள் பிரித்துக்கொள்வது நல்லது. எல்லா ஆசிரியர்களும் ஞாயிறு இரவு செயலட்டை அனுப்பினால் திங்கள் காலை அந்தப் போனில் ஒன்றுமே திறக்காது.

இன்னொன்று. பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு முடிவுநேரம் வைக்காதீர்கள். ஒட்டுசுட்டான், நெடுங்கேணி, துணுக்காய்ப் பக்கங்களில் பொழுதுபட யானை இறங்கும். "இரவு எட்டு மணிக்குள் படம் அனுப்பவும்" என்று யாழ்ப்பாணத்தில் இருந்துகொண்டு எழுதுவது சுலபம். அந்தப் படத்தை அனுப்ப ஒரு பிள்ளை இருட்டில் குளக்கட்டுக்கு நடக்கக்கூடாது. என் முடிவுநேரம் மறுநாள் காலை பத்து மணி. போன் இரவில் வீட்டுக்கு வந்தாலும் விடிந்தபிறகு அனுப்ப நேரம் இருக்கும். அப்பா விடியமுன்னமே போனைக் கொண்டு போகிறவர் என்றால் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு நாள்.

ஒப்படை: குறைவாக, முன்கூட்டியே சொல்லி

ஒரு தவணைக்குப் பாடத்துக்கு ஐந்து செயலட்டை போதும். ஒவ்வொன்றும் 20 புள்ளி. ஐந்துக்கும் திகதியை ஆரம்பத்திலேயே அறிவித்துவிடுங்கள். கிழமைக்கு மூன்று அனுப்பிய ஆசிரியர்களைத் தெரியும். அவர்களிடம் தாள் குவிந்தது, திருத்த நேரம் இருக்கவில்லை. கடைசியில் அனுப்பிய பிள்ளைக்கெல்லாம் ஒரு சரி போட்டு விட்டார்கள். சரி போட்டதால் பிள்ளைக்கு ஒன்றும் தெரியவராது.

புள்ளிப் பங்கீட்டையும் முன்கூட்டியே பெற்றோருக்குச் சொல்லவேண்டும். பாடசாலை வேறு முடிவு எடுக்காதபோது நான் வைத்துக்கொண்டது இது: செயலட்டைக்கு 40, போனில் வாய்மொழியாகக் கேட்பதற்கு 20, பாடசாலை திறந்தபின் வகுப்பில் வைக்கும் சிறு பரீட்சைக்கு 40. வீட்டில் யாருடைய உதவியோடும் செய்யக்கூடிய வேலைக்குப் பாதியைவிடக் குறைவாக வைத்ததற்குக் காரணம் இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அச்சுத்தாளைப் பாடசாலை றிசோ அச்சுப்பொறியில் அடித்துக்கொள்ளலாம். கொண்டுபோய்ச் சேர்ப்பதுதான் கேள்வி. பாடசாலை வாயில் எல்லோருக்கும் கிட்ட இல்லை. ஊருக்குள் எது தினமும் திறக்கிறதோ அதைப் பிடியுங்கள். சங்கக்கடை, பால் சேகரிக்கும் நிலையம், முன்பள்ளி எதுவானாலும் சரி. நாங்கள் பால் சேகரிக்கும் நிலையத்தில் ஓர் அட்டைப்பெட்டி வைத்தோம். காலையில் பால் கொண்டுவருகிறவர் தாளைக் கொண்டுபோவார், மறு கிழமை செய்த தாளைக் கொண்டுவந்து போடுவார். எந்தச் செயலியும் அந்தப் பெட்டியைப்போல வேலை செய்யவில்லை.

வினாவை எழுதும்போது ஊரைப் பாருங்கள். நான் முதல் செயலட்டையில் காணிக் கணக்கு ஒன்றை, யாழ்ப்பாணத்தில் காணி அளக்கும் பரப்பு என்ற அலகில் கொடுத்தேன். எனக்குப் பரப்புத்தான் வாயில் வரும். வன்னிப் பிள்ளைகள் ஏக்கரில் வளர்ந்தவர்கள். ஓர் ஏக்கருக்குப் பதினாறு பரப்பு என்று அந்தத் தாளில் எழுதவேயில்லை. வகுப்பில் பாதிப்பேர் பிழை. வகுப்பறையில் என்றால் ஒருவன் கையை உயர்த்திக் கேட்டிருப்பான், அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். தாளில் கேட்க ஆளில்லை. அந்த வினாவை முழுவதுமாக நீக்கி, மிச்சத்துக்கு 20 ஆக்கித் திரும்பப் புள்ளி போட்டேன். தாளை அனுப்புமுன் பக்கத்து வீட்டுப் பிள்ளை ஒன்றிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். எங்கே நிற்கிறதோ அங்கே வினாவைத் திருத்துங்கள்.

வீட்டில் கிடைக்கும் பொருளைக் கொண்டு செய்யும் வேலையும் வையுங்கள். விஞ்ஞான ஆசிரியர் ஒருவர் கச்சான் விதையை ஈரத்துணியில் முளைக்கவைத்து நாளுக்கு நாள் வேரின் நீளத்தை அடிமட்டத்தால் அளந்து அட்டவணைப்படுத்தச் சொன்னார். கச்சான் இல்லாத வீடு அந்த ஊரில் இல்லை. இன்னொருவரைப் பார்த்து எழுதினால் அட்டவணை உடனே காட்டிக்கொடுக்கும். இரண்டு வீட்டுக் கச்சான் ஒரே மில்லிமீற்றரில் முளைக்காது.

வந்த தாளைத் திருத்துவது

படமாக வரும் விடைத்தாளுக்கு மூன்று விதி போதும். ஒவ்வொரு பக்கத்தின் மேலும் பெயர், தரம், செயலட்டை இலக்கம். பகல் வெளிச்சத்தில், தாளைத் தரையில் விரித்து நேர் மேலிருந்து படம். பக்க ஒழுங்கு மாறாமல் அனுப்புவது. படத்தில் வாசிக்க முடியாவிட்டால் புள்ளி குறைக்கவேண்டாம், திரும்பக் கேளுங்கள். அப்பாவின் போனில் இடம் இல்லாமல் படத்தை அழித்திருப்பார்கள். அதனால்தான் செய்த கொப்பியைப் பத்திரமாக வைத்திருக்கச் சொல்லவேண்டும். பாடசாலை திறந்ததும் மூலத்தைப் பார்க்கலாம்.

புள்ளித்திட்டத்தைத் தாள் அனுப்பும் முன்பே எழுதி முடியுங்கள். கணிதத்தில் விடைக்கு மட்டும் புள்ளி வைத்தால் பார்த்து எழுதியவனுக்கே முழுப்புள்ளி போகும். நான்கு புள்ளி வினா என்றால் தரவை எடுத்ததற்கு 1, சமன்பாட்டுக்கு 1, சுருக்கியதற்கு 1, அலகோடு விடைக்கு 1 என்று பிரித்துக்கொள்ளுங்கள். வழி தெரிந்து கடைசியில் தவறிய பிள்ளை 3 வாங்கும். விடையை மட்டும் எழுதிய பிள்ளை 1 வாங்கும்.

இனி, பார்த்து எழுதும் பிரச்சினை. ஒரே கையெழுத்தில் இரண்டு தாள் வரும். அக்கா எழுதிக்கொடுத்திருப்பாள், ரியூசன் அண்ணா செய்து கொடுத்திருப்பார், குழுவில் ஒருவன் போட்ட படத்தை ஒன்பது பேர் பிரதி பண்ணியிருப்பார்கள். கோபப்பட்டுப் பயனில்லை. தொலைவில் இருந்துகொண்டு களவு பிடிக்க முடியாது, பிடித்தாலும் ஒரு வீட்டைப் பகைத்துக்கொள்வதுதான் மிச்சம். வினாவை மாற்றுவதுதான் வழி. "உன் சேர்விலக்கத்தின் கடைசி இலக்கத்தை க என்று கொள். வயலின் நீளம் (40 + க) மீற்றர், அகலம் 25 மீற்றர். பரப்பளவு என்ன?" என்று கேட்டால் பத்து விதமான விடை வரும். நண்பனைக் கேட்டாலும் வழியைத்தான் கேட்கலாம், விடையை எடுக்க முடியாது. வழியைக் கேட்டு எழுதினால் அது படிப்பு. அதற்கு நான் புள்ளி கொடுப்பேன்.

சந்தேகம் மிச்சமிருந்தால் வாய்மொழி இருக்கிறது. ஒரு பிள்ளைக்கு மூன்று நிமிடம். போன் வீட்டில் நிற்கும் நேரத்தைக் கேட்டு எடுங்கள். "இரண்டாவது வினாவில் ஏன் இரண்டு பக்கமும் மூன்றால் பிரித்தாய்?" என்ற ஒரு கேள்வி போதும். எழுத்தில் 18 வாங்கிய ஒரு பெண்பிள்ளை போனில் வாயே திறக்கவில்லை. பார்த்து எழுதியவள் என்று முடிவு கட்டப் பார்த்தேன். பிறகுதான் தெரிந்தது, பக்கத்தில் மாமா, சித்தப்பா, அடுத்த வீட்டுக்காரர் எல்லோரும் ரீச்சர் போன் எடுத்திருக்கிறா என்று சுற்றி நின்றிருக்கிறார்கள். அடுத்தமுறை குரல் பதிவாக அனுப்பச் சொன்னேன். அழகாக விளக்கி அனுப்பினாள். ஆகவே வாய்மொழியில் மௌனம் என்றால் உடனே குறைக்காதீர்கள், வேறு வழியில் ஒருதரம் கேளுங்கள்.

சைபரும் வெறும் பெட்டியும்

இந்தப் பகுதியை மட்டும் வாசித்தாலும் போதும் என்பேன்.

2020இல் முதல் தடவை புள்ளி போட்டபோது, தாள் வராத பிள்ளைகளுக்கெல்லாம் சைபர் போட்டுக் கூட்டிச் சராசரி எடுத்து அனுப்பிவிட்டேன். பதிவேட்டுப் பெட்டி வெறுமையாக இருந்தால் கூட்டமுடியாது, அதுதான் காரணம். பாடசாலை திறந்ததும் ஒரு தாய் வந்தார். சண்டைக்கு வரவில்லை.

"ரீச்சர், இவன் எல்லாம் செய்து வைச்சிருக்கிறான். கொண்டுவந்து தர வழியில்லாமல் போச்சு. ஏன் சைபர் போட்டனீங்கள்?"

கையில் கொப்பி இருந்தது. ஐந்து செயலட்டையும் வரிசையாக, திகதி போட்டு, பக்கத்து வீட்டுப் பிள்ளையின் தாளைப் பார்த்து வினாவைக் கையால் எழுதி எடுத்துச் செய்திருந்தான். கொப்பி மூன்று மாதமாக வீட்டுக் கூரை மரத்துக்குள் செருகி இருந்ததாம். நான் அந்தப் பிள்ளைக்கு எழுதிய புள்ளி அவனுடைய கணிதத்தைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. எங்கள் ஊர்ப் பேருந்தைப் பற்றிச் சொன்னது. அறிக்கையைத் திருத்தி வாங்க அதிபரிடம் விளக்கம் எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தை எழுதும்போது வெட்கமாக இருந்தது.

அன்றிலிருந்து என் பதிவேட்டில் மூன்று அடையாளம் உண்டு. வேலை வந்து, திருத்தி, ஒன்றும் சரியில்லை என்றால் மட்டும் 0. வேலை பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்தது, திரும்பி வரவில்லை என்றால் ஒரு வட்டம், வட்டத்துக்குள் ஒன்றும் இல்லை. வேலை பிள்ளைக்குப் போய்ச் சேர்ந்ததா என்றே உறுதியில்லை என்றால் ஒரு குறுக்குக்கோடு. மூன்றும் ஒன்றல்ல. சைபர் பிள்ளையைப் பற்றிய தகவல். வட்டம் விசாரிக்கவேண்டிய விடயம். கோடு எங்கள் பக்கத்துக் குறை.

கணக்கு எப்படி மாறுகிறது என்று பாருங்கள். ஒரு பிள்ளை ஐந்தும் தந்தாள்: 14, 12, 16, 11, 15. மொத்தம் 100க்கு 68. இன்னொரு பிள்ளை மூன்று தந்தான்: 15, 13, 14. இரண்டு பெட்டியில் கோடு. சைபர் என்று எடுத்தால் 100க்கு 42. வந்த மூன்றை மட்டும் எடுத்தால் 60க்கு 42, அதாவது 70. தரமாக மாற்றினால் முதல் கணக்கில் அவன் எஸ் (35 முதல் 49), இரண்டாவதில் பி (65 முதல் 74). அவள் 68 வாங்கிப் பியில் நிற்கிறாள். இருவரும் ஏறத்தாழ ஒரே அளவு தெரிந்தவர்கள் என்பதை இரண்டாவது கணக்குத்தான் காட்டுகிறது.

அப்படியென்றால் சுலபமானதை மட்டும் அனுப்பிவிட்டு மற்றதை ஒளிக்கலாமே என்று கேட்பீர்கள். ஒளிப்பார்கள்தான். அதற்காக இரண்டு வேலி வைத்திருக்கிறேன். ஐந்தில் குறைந்தது மூன்று வந்தால்தான் சராசரி எடுப்பேன். அதற்குக் குறைவென்றால் தரம் எழுதமாட்டேன், "மதிப்பிட வேலை போதாது" என்று குறிப்பு எழுதிப் பாடசாலை திறக்கும்வரை வைத்திருப்பேன். மற்றது, போன் எப்போதும் வீட்டில் நிற்கும் முதல் வகைப் பிள்ளை மூன்று தடவை நினைவூட்டியும் தராவிட்டால் வட்டத்தைச் சைபர் ஆக்குவேன், திகதியோடு. இது கொஞ்சம் கடுமைதான். ஆனால் பால் பெட்டிக்கு இரண்டு மைல் நடந்து தாள் கொண்டுவந்த பிள்ளைக்கும் இவனுக்கும் ஒரே சலுகை கொடுக்க என் மனம் ஒப்பவில்லை.

தரமாக மாற்றுவது

எல்லைகள் தெரிந்தவைதான்: 75உம் மேலும் ஏ, 65 முதல் பி, 50 முதல் சி, 35 முதல் எஸ், அதற்குக் கீழே டபிள்யூ. தரம் 11 முடிவில் வரும் சாதாரண தரப் (ஓஎல்) பரீட்சையின் எல்லைகளையே தவணை அறிக்கைக்கும் எடுக்கிறோம். உயர்தர வகுப்பு எடுக்கிறவர்கள் சி 55இல் தொடங்குகிறது என்பதை மறக்கவேண்டாம்.

மேலே சொன்ன பையனையே எடுத்துக்கொள்வோம். செயலட்டையில் 70 வீதம், ஆகவே 40க்கு 28. வாய்மொழியில் 20க்கு 13. பாடசாலை திறந்தபின் வைத்த பரீட்சையில் 40க்கு 22. கூட்டினால் 63, சி. செயலட்டையை மட்டும் பார்த்திருந்தால் பி. வீட்டில் செய்த வேலை கொஞ்சம் மேலே தூக்கிக் காட்டும். அதற்குப் பாதியைவிடக் குறைவாகப் பங்கு வைத்ததன் காரணம் இதுதான்.

வகுப்பில் எத்தனையாம் பிள்ளை என்ற நிலையை அந்தத் தவணைக்கு எழுதாமல் விடும்படி அதிபரிடம் கேளுங்கள். பெற்றோர் சிலர் கேட்பார்கள், முதலாம் பிள்ளையின் பெற்றோர் கட்டாயம் கேட்பார்கள். நான்கு வெவ்வேறு பாதையால் வந்த வேலையை ஒரே வரிசையில் நிறுத்துவது நீதியில்லை என்று சொல்லிவிடலாம்.

ஆரம்பப் பிரிவு வேறு உலகம். அங்கே அத்தியாவசியக் கற்றல் தேர்ச்சி அடைந்ததா இல்லையா என்பதே முக்கியம். வீட்டில் அம்மாவோடு பேசி, பிள்ளை வாசிப்பதைக் குரல் பதிவில் கேட்டால் அரைவாசி வேலை முடிந்தது.

பெரிய பரீட்சைகளோடு குழப்பவேண்டாம்

பெற்றோருக்கு வரும் பெரிய பயம், இந்தப் புள்ளி ஓஎல் முடிவைப் பாதிக்குமா என்பது. தவணைப் புள்ளி சாதாரண தரப் பரீட்சையின் ஏ, பி, சியைத் தீர்மானிப்பதில்லை. அதைப் பரீட்சைத் திணைக்களம் தன் விடைத்தாளில்தான் தீர்மானிக்கிறது. பாடசாலைகள் மூடியிருந்த காலத்திலும் அந்தப் பரீட்சைகளுக்குப் பதிலாகப் பாடசாலைப் புள்ளியை எடுக்கவில்லை, பரீட்சையைத்தான் பின்தள்ளினார்கள். 2020 ஓகஸ்டில் நடக்கவேண்டிய உயர்தரம் ஒக்டோபரில் நடந்தது. 2020 டிசம்பருக்குரிய சாதாரண தரம் 2021 மார்ச்சிலும், 2021க்குரியது 2022 மே மாதத்திலும் நடந்தன. இந்த மண்ணில் 2009 ஓகஸ்டில், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்குள்ளேயே உயர்தரப் பரீட்சை எழுதினார்கள். பரீட்சை வராது என்று நம்பி இருந்துவிடாதீர்கள் என்று தரம் 11 பிள்ளைகளுக்கு நான் சொல்வது அதனால்தான். கணிதமும் தாய்மொழியும் உட்பட ஆறு பாடத்தில் சித்தியும் அவற்றில் மூன்றில் திறமைச் சித்தியும் (சி அல்லது அதற்கு மேல்) வேண்டும், உயர்தரத்துக்குப் போக. பாடசாலை மூடியிருந்தாலும் அது மாறவில்லை.

பாடசாலை திறந்ததும்

முதல் கிழமை பரீட்சை வைக்காதீர்கள். பிள்ளைகள் சீருடை கட்டையாகி, பாதணி கடித்து, கொப்பியைப் பாதி வெள்ளத்தில் விட்டு வந்திருப்பார்கள். பதிவேட்டைத் திறந்து வட்டமும் கோடும் உள்ள பெயர்களை ஒவ்வொருவராக மேசைக்குக் கூப்பிடுங்கள். வகுப்புக்கு முன்னால் வாசிக்கவேண்டாம், போன் இல்லாத வீட்டை நாற்பது பேருக்கு அறிவிப்பதுபோல ஆகிவிடும். கொப்பி இருந்தால் அன்றே திருத்திப் பெட்டியை நிரப்புங்கள். இல்லாவிட்டால் அந்தச் செயலட்டையையே வகுப்பில் இருத்திச் செய்விக்கலாம், இருபது நிமிடம் போதும்.

இரண்டாம் மூன்றாம் கிழமையில் 40 புள்ளிச் சிறு பரீட்சை. ஐந்து செயலட்டையில் கேட்ட விடயங்களுக்குள் நின்று கேளுங்கள். சூம் வகுப்பில் மட்டும் படிப்பித்ததைக் கேட்டால் அந்த வகுப்புக்கு வரமுடிந்த பிள்ளைகளுக்குத்தான் பரீட்சை வைத்ததாகும். வீட்டுப் புள்ளிக்கும் வகுப்புப் புள்ளிக்கும் பெரிய இடைவெளி விழும் பிள்ளைகளைத் தனியாகக் குறியுங்கள். செயலட்டையில் 90 வீதமும் பரீட்சையில் 30 வீதமும் வாங்கினால் யாரோ செய்து கொடுத்திருக்கிறார்கள். திட்டவேண்டாம், அந்தப் பிள்ளைக்கு எந்தப் பாடமும் போய்ச் சேரவில்லை, மீட்டல் வகுப்பில் முதல் வாங்கில் இருத்துங்கள். மறுபக்கம், வீட்டிலிருந்து ஒன்றும் வராமல் பரீட்சையில் 40க்கு 35 வாங்கும் பிள்ளைகளும் வருவார்கள். அந்தப் பிள்ளைகளைப் பார்க்கும்போது எனக்கு இன்னும் ஆச்சரியம்தான். அறுவடைக்கு அப்பாவோடு வயலில் நின்றபடி அண்ணாவின் பழைய கொப்பியைப் படித்திருப்பார்கள். அப்படி வருகிற பிள்ளைக்குச் செயலட்டைப் பகுதியைப் பரீட்சைப் புள்ளியின் வீதத்தில் கணக்கிட அதிபரின் சம்மதம் வாங்குங்கள்.

தவணை அறிக்கையின் குறிப்புப் பகுதியில் "நன்று", "முயற்சி செய்க" என்று எழுதி முடிக்காதீர்கள். "ஐந்தில் மூன்று வேலை கிடைத்தது, பின்னம் நன்றாகத் தெரியும், சமன்பாடு மீட்டவேண்டும்" என்று ஒரு வரி எழுதினால் தாய் அதைப் பிள்ளையைக் கொண்டே வாசிப்பிப்பார். பெற்றோர் கூட்டத்தில் பலர் கேட்கக் கூச்சப்படுவார்கள், அந்த வரிதான் அவர்களோடு பேசும். கேட்க வருகிறவரிடம் பதிவேட்டின் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டுங்கள். வட்டம் எது, கோடு எது என்று விளக்கினால் சண்டை பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். மற்றப் பிள்ளைகளின் வரிகளை ஒரு மட்டையால் மறைத்துக்கொண்டு காட்டுங்கள்.

அந்தக் கொப்பி

புள்ளிப் பதிவேட்டைப் பாடசாலை அலுமாரியின் கீழ்த்தட்டில் வைக்காதீர்கள். 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் வான்கதவுகள் திறந்தபோது கிளிநொச்சி, முல்லைத்தீவு ஊர்களுக்குள் வெள்ளம் வந்தது. பாடசாலைகள் மக்கள் தங்குமிடமாகின. அலுமாரியைத் தள்ளிவைத்து ஆட்கள் படுக்கவேண்டித்தான் வரும். ஒவ்வொரு மாத முடிவிலும் பக்கங்களைப் படம் எடுத்து உங்களுக்கே ஒரு மின்னஞ்சலில் அனுப்பிவையுங்கள். பிள்ளைகளின் விபரம் உள்ள பக்கம் என்பதால் வாட்ஸ்அப் குழுவில் போடவேண்டாம்.

இடமாற்றம் கிடைத்ததும் எல்லோரும் அவசரமாகப் பெட்டி கட்டுகிறோம். நானும் ஒருநாள் கட்டுவேன். போகுமுன் அந்தப் பாதைப் பட்டியலை, எந்த வீட்டுப் போன் எத்தனை மணிக்கு நிற்கும், எந்தப் பிள்ளைக்குப் பால் பெட்டியில் தாள் போடவேண்டும் என்று எழுதிய பக்கத்தைப் பிரதி எடுத்து, அடுத்து வருகிற ஆசிரியருக்கென்று பகுதித் தலைவர் கையில் கொடுத்துவிட்டுப் போங்கள். நான் வந்தபோது எனக்கு அப்படி ஒரு பக்கம் கிடைக்கவில்லை. கிடைத்திருந்தால் அந்தத் தாய் கொப்பியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கமாட்டார்.